மேலே பிடிக்க ஓர் ஆள்

கடைசி வளைவில் ஆரன் சத்தம் கேட்டது. ஒரே நீட்டு. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே கார் ஏறி வந்தது.

களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். "ஐயோ, போய்ட்டாரா!" என்று ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள்.

மற்ற நாளில் பஞ்சாட்சரத்தின் கார் அந்த வளைவுக்கு வந்தால் சின்னதாக இரண்டு தடவை குரல் கொடுக்கும். கீழே ஆஸ்பத்திரியிலிருந்து யாருடைய உடலையாவது ஏற்றிக்கொண்டு வந்தால் மட்டும் ஒரே நீட்டாக அடிக்க வேண்டும். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளவும், அழ வேண்டியவர்கள் மனசைத் திடப்படுத்திக்கொள்ளவும் ஊருக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று பஞ்சாட்சரம் வைத்த பழக்கம் அது. மலையில் எத்தனையோ வீட்டுக்கு அவர் அப்படி அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இன்று அவருடைய மூத்த மகன் லட்சுமணன் அவருக்காக அடித்துக்கொண்டு வந்தான்.

இளையவன் சடையன் விடிந்ததிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே நின்றிருந்தான். 'ரெண்டு தடவை அடிச்சி நிறுத்துண்ணா, ரெண்டே ரெண்டு தடவை' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான். சத்தம் நிற்கவில்லை. அவன் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

கார் வாசலில் வந்து நின்றது. அந்தக் காலத்துப் பிளைமவுத். ஏதோ ஒரு பண்ணையார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்ததைப் பஞ்சாட்சரம் வாங்கி வந்து, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்தார். பிய்ந்த மெத்தையை எறிந்துவிட்டு, உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து இரண்டு சீட்டு வாங்கினார். ஒன்று டிரைவருக்குப் பின்னால். இன்னொன்றுக்கு இடம் இல்லை. டிக்கியின் மூடியை அறுத்து எறிந்துவிட்டு, பின்பக்கம் பார்த்த மாதிரி அதில் பொருத்தினார். "முன்னால குந்துறவன் போற ஊரப் பாக்கட்டும். பின்னால குந்துறவன் வுட்டுட்டு வந்த ஊரப் பாக்கட்டும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அந்தப் பின் சீட்டு காரின் மேலே கேரியரில் கவிழ்ந்து கிடந்தது. அது இருந்த இடத்தில் பஞ்சாட்சரம் போர்வைக்குள் படுத்திருந்தார். கால் இரண்டும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

செல்லியம்மாள் வாசலுக்கு வந்தாள். புருஷனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுன்னு கீது" என்று மட்டும் சொன்னாள். அப்புறம், "எறக்குங்க" என்றாள்.

பங்காளிகள் உடலைத் தூக்கினார்கள். "டேய் சடையா, கால புடிடா" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவனால் அந்தக் காலைப் பிடிக்க முடியவில்லை. கார் மேல் ஏறிச் சீட்டை இறக்குவதுபோல் பாவனை பண்ணினான். சீட்டைத் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தான்.

சீட்டின் இரும்புக் காலில் ஒரு முழம் கயிறு தொங்கியது. புளி மூட்டை கட்டுகிற கயிறு. நுனி நைந்து அறுந்திருந்தது. கட்டியிருந்த முடிச்சு, இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் நுழைத்து இழுக்கிற முடிச்சு. மலையில் அப்படி முடிச்சுப் போடுகிறவர் ஒரே ஒருவர்தான். அவரை இப்போது வீட்டுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

சடையன் சீட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு அதன் முன்னால் மறைத்தாற்போல் நின்றுகொண்டான்.

நேற்றுக் காலையில் நடந்தது இதுதான். மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் சந்தை நாள். முந்தின நாள் புளி மூட்டை ஏற்றுவதற்காகப் பின் சீட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். புளிக் காலத்தில் இது தினமும் உள்ள வேலை. மூட்டைக்கும் பிணத்துக்கும் சீட்டைக் கழற்றுவது, ஜனத்துக்கு மாட்டுவது. மாட்டுவது சுலபமில்லை. சீட்டின் காலுக்கு ஒன்றாக நாலு போல்ட். போல்ட்டின் தலை மேலே இருக்கும், நட்டு காருக்கு அடியில். கீழே ஒருத்தன் மல்லாந்து படுத்து நட்டை முடுக்கும்போது மேலே இன்னொருத்தர் ஸ்பேனர் போட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. "முடுக்காம மனுஷாள ஏத்தாதீங்க, சாமி. மேட்டுல ஏறுறப்போ அப்படியே பின்னால கொட்டிடும்" என்று சீட்டைப் பொருத்திக் கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரர் கும்பிட்டுச் சொல்லியிருந்தார். கீழே படுப்பவன் எப்போதும் சடையன். மேலே பிடிப்பவர் எப்போதும் அப்பா.

நேற்று அவர் ஆட்டை ஓட்டிவரச் சரிவுக்குப் போயிருந்தார். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையும் கோழியுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். லட்சுமணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, "இன்னாடா பண்ற, பொண்ணு ஜோடிக்கிற மாதிரி? சீக்கிரம் ஆவட்டும்!" என்று ஆரனை அழுத்தினான். நட்டு நாலும் வீட்டுக்குள் விளக்கு மாடத்தில், கொட்டாங்குச்சியில் இருந்தன. போய் எடுத்து வந்தாலும் மேலே பிடிக்க ஆள் இல்லை. அண்ணனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வசவு விழும். போன மாதம் ஒரு மூட்டை அவிழ்ந்து புளி ரோட்டில் கொட்டியதற்குச் சந்தை நடுவில், அத்தனை பேர் பார்க்க, லட்சுமணன் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான்.

சாயங்காலம் மறுபடியும் மூட்டை ஏற்றக் கழற்றப்போகிற சீட்டுத்தானே, ஒரு நடைதானே என்று நினைத்தான். நாலு போல்ட்டையும் ஓட்டையில் போட்டு உள்ளங்கையால் தட்டிவிட்டான். பார்வைக்குக் கச்சிதமாக இருந்தது.

ஆட்டைக் கட்டிவிட்டு வந்த பஞ்சாட்சரம் கேட்டார். "முடுக்கிட்டியாடா?"

"ஆச்சி நைனா."

"மேல யாரு புடிச்சாங்க?"

"அம்மா" என்று சொல்லிவிட்டான். வாய்க்கு வந்தது அதுதான்.

அவர் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். காரில் ஏறிக்கொண்டார். சடையன் வீட்டிலேயே நின்றுவிட்டான்.

இறக்கத்தில் சீட்டு தன் பாரத்தால் காருக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. திரும்பி ஏறும்போதுதான், அந்தச் செங்குத்து வளைவில், சீட்டு பின்னால் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. உட்கார்ந்திருந்தவரையும் கொண்டுபோனது. மலைமேல் காவலூரில் சிமெண்டு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் அவரைப் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். லட்சுமணன் காரில் பின்னாலேயே போனான். போலீஸ்காரர் வந்து பார்த்து, காரிலிருந்து தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

உள்ளே ஒப்பாரி ஏறியது. சடையன் உள்ளே நுழைந்தான். அப்பாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அவன் பார்வை விளக்கைத் தாண்டிச் சுவருக்குப் போனது. மாடத்தில் விளக்கு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கொட்டாங்குச்சி இருந்தது. அதுவும் வெறுமையாக இருந்தது.

யார் எடுத்தார்கள்? கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது பாஞ்சாலி கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். பக்கத்துக் கொல்லைக்காரி. நேற்றுச் சந்தைக்குப் போய் அதே காரில் திரும்பியவள். பஞ்சாட்சரத்தின் காலடியில் குழந்தையைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"எங்க மாமா! நான் குந்தவேண்டிய எடத்துல நீ குந்தினியே! நான் பின் சீட்டுலதான் ஏறினேன். 'நீ புள்ளக்காரி, முன்னால போ, நான் இங்க குந்திக்கிறேன்'னு எறக்கி வுட்டாரே! வேற யாரையும் பக்கத்துல குந்த வுடலியே! 'எனக்குக் கால் நீட்டணும்'னு ஒண்டியா குந்திக்கினு வந்தாரே!"

"விதி அங்க கூப்ட்டு உக்கார வெச்சிகீது" என்றாள் ஒரு கிழவி. கூட்டம் உச்சுக்கொட்டியது.

சடையனுக்கு இப்போது விளங்கியது. அவர் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். சந்தையில் சீட்டு அசைவதைக் கண்டிருக்கிறார். சந்தைப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போய் நட்டுக் கேட்டிருக்கலாம். அங்கேதான் லட்சுமணன் டீ குடித்துக்கொண்டு கதை பேசுவான். இன்னொரு தடவை சந்தை நடுவில் சின்னவன் கன்னத்தில் அறை விழும். அதனால் சத்தம் காட்டாமல் ஒரு கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டு, யாரும் அந்தச் சீட்டில் உட்காராதபடி தானே உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"விதியாம் விதி!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வெடித்தது. செல்லியம்மாளின் அண்ணன் கண்ணாயிரம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லட்சுமணன் முன்னால் வந்து நின்றார். "விதி இங்க நிக்கிதே, பேன்ட்டு மாட்டிக்கினு! கூலிங் கிளாஸ் போட்டுக்கினு ராக்கெட் வுடற மாதிரி வுடுவான் வண்டிய. எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன், மெதுவா ஏத்துடா மெதுவா ஏத்துடான்னு! சொல்லுடா, எப்பிடி வுழுந்தாரு?"

லட்சுமணன் திண்டாடவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "வளைவுல வண்டி இழுக்கல மாமா. கீர் மாத்தினேன். ஒரு ஒதறு ஒதறுச்சி. நான்தான்."

"கேட்டுக்குங்கய்யா, அவன் வாயாலயே சொல்றான்!" கண்ணாயிரம் கூட்டத்தைப் பார்த்தார். "பெத்தவன ரோட்ல கொட்டினவன் மொத மண்ணு போடறதா? நான் வுட மாட்டேன். சின்னவன் போடட்டும். டேய் சடையா, குளிச்சிட்டு ஈரத்துணியோட வாடா."

எல்லாரும் சடையனைப் பார்த்தார்கள். லட்சுமணனும் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் சடையனைக் குத்தியது. 'இல்ல மாமா, அண்ணன் மேல தப்பு இல்ல' என்று சொல்ல வேண்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டு தொட்டிப் பக்கம் நடந்தான். குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டான். குளிரில் பல் அடித்தது. அழுவதற்கு வசதியாக இருந்தது.

திரும்பி வந்தபோது பாடை தயாராகிவிட்டது. கொட்டு முழங்கியது. கண்ணாயிரம் அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இரு" என்றாள் செல்லியம்மாள்.

கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். காலையிலிருந்து அவள் பேசிய மூன்றாவது வார்த்தை அது.

"பெரியவன் முன்னால வரட்டும். அவந்தான் மண்ணு போடணும்."

"இன்னா செல்லி பேசற? அவனாலதான்..."

"அவன் மேல தப்பு இல்லண்ணா."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ வண்டியில இருந்தியா?"

அவள் சேலை முந்தியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள். கண்ணாயிரம் சடையன் தோளிலிருந்து கையை எடுத்தார். லட்சுமணன் முன்னால் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தான். சடையன் பின்னால், கால் பக்கம். இந்தத் தடவை அவனால் விலக முடியவில்லை. கொல்லை மேடு வரைக்கும், தோளில் பாரம் அழுத்த அழுத்த, அப்பாவின் பாதம் அவன் காதோரம் ஆடிக்கொண்டே வந்தது.

பெரியவன் முதல் மண் போட்டான். சடையன் அடுத்து. பள்ளத்தை மூடினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் கலைந்தது. கீழ் ஊர்ச் சொந்தக்காரர்கள் மட்டும், முக்கால்வாசிப் பேர் வயசானவர்கள், காருக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் இனிமேல் காலையில்தான். லட்சுமணன் சாவியைக் கொண்டுவந்து சடையன் முன்னால் தரையில் போட்டான்.

"நீ கொண்டுபோய் வுட்டுட்டு வா. நான் இனிமே அத தொடமாட்டேன்."

போய்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துகொண்டான். காலையில் தம்பி உட்கார்ந்திருந்த அதே இடம்.

சடையன் சீட்டைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் போனான். அப்பா படுத்திருந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அறுந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை. அப்படியே விட்டுவிட்டுச் சீட்டை உள்ளே தள்ளினான். நாலு ஓட்டையும் அவனைப் பார்த்தன. போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை.

"சடையா."

அம்மா பின்னால் நின்றிருந்தாள். இன்றைக்கு அவள் வாசல் தாண்டி வரக்கூடாது. வந்திருந்தாள். இடுப்பிலிருந்து முந்தியை உருவி முடிச்சை அவிழ்த்தாள். அவன் உள்ளங்கையை இழுத்து நாலு நட்டையும் அதில் வைத்தாள். அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"வெளக்கெடுக்கறப்போ மாடத்துல பாத்தேன்" என்றாள்.

"அம்மா..."

"நேத்து என் பேரச் சொன்னப்போ நான் உள்ளதாண்டா இருந்தேன். எல்லாம் காதுல வுழுந்துது. பெரியவன் உன்ன அடிப்பானேன்னு பேசாம இருந்துட்டேன்." அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "வயசானவங்க குந்தப் போறாங்க. ஒண்டியா முடுக்காத. உங்க அண்ணன் கையில குடு."

வீட்டுக்குள் போய்விட்டாள்.

வாசலில் காத்திருந்தவர்கள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். சடையன் தொட்டியை நோக்கி நடந்தான். கையை மூடிக்கொண்டே நடந்தான். அண்ணன் முன்னால் போய் நின்றதும் விரலைப் பிரித்தான். கன்னத்தைத் திருப்பாமல் நின்றான்.

லட்சுமணன் நட்டுகளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கை மேலே போனது. சடையன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அண்ணனின் கை சட்டைப் பையில் இருந்தது. அழுக்குத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். நாலு போல்ட். ஒன்றுகூட வளையவில்லை. மரையில் ஒரு கீறல் இல்லை. கீழே நட்டே இல்லை என்பது பார்த்த உடனே தெரியும். நேற்றிலிருந்து அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் கண்ணாயிரம் மாமா முன்னால் நின்றிருக்கிறான்.

"வா" என்று லட்சுமணன் எழுந்தான்.

காருக்குப் பின்னால் போய்ப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டையில் இறக்கினான். பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, அப்பா உட்காருகிற மாதிரியே ஒரு காலை மடித்து உட்கார்ந்தான். சடையன் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தான். துருவும் டீசலும் நாறின. சேற்று மண் முகத்தில் உதிர்ந்தது. மேலே யார் இருந்தாலும் அங்கிருந்து முகம் தெரியாது. போல்ட்டின் நுனி மட்டும்தான் தெரியும்.

முதல் நட்டைப் போட்டு முடுக்கினான். போல்ட்டும் கூடவே சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே பிடி இல்லை.

"அண்ணா, புடிச்சிக்கினியா?"

கொஞ்ச நேரம் கழித்து இரும்பின் மேல் இரும்பு உட்காருகிற ஓசை கேட்டது. போல்ட் அசையாமல் நின்றது. நட்டு இறுகத் தொடங்கியது. அப்போதுதான், தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, லட்சுமணனின் குரல் கேட்டது.

"சந்தையில நைனா கயிறு கட்டினத நானும் கண்ணாடியில பாத்தேன்டா. எறங்கி இன்னான்னு கேக்காம வண்டிய எடுத்துட்டேன்."